அம்மா கதைத்தால் மகன் போய்விடுகிறான்

திரையில் மகனின் முகம் மறுபடி தெரிந்ததும் திலகவதி அம்மா வலது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

அழுகையை அடக்குகிறார் என்றுதான் நினைத்தேன். பின்னால் நின்ற பத்மா அக்காவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐப்பசி மழை கூரைத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே இருக்கும் உரக்கடையின் மணம், ஈரம் பட்டதும் படியேறி மேலே வந்திருந்தது.

மகன் கதைத்தான். அம்மா கேட்டார். தலையை ஆட்டினார். கையை மட்டும் வாயிலிருந்து எடுக்கவில்லை.

கிட்டப் போய்ப் பார்த்தேன். கண்கள் காய்ந்துதான் இருந்தன. அவர் அழவில்லை. காரணம் வேறு. அதைச் சொல்வதற்கு இரண்டு மூன்று நாள் பின்னே போக வேண்டும்.

செத்தவீடு போகும், கலியாணம் வரும்

மருதனார்மடம் சந்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை. அதில் உரக்கடைக்கு மேல்மாடியில் ஜீவா அண்ணையின் வீடியோ நிலையம். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இல்லாத வீடு குறைவு. இங்கே செத்தவீடு நடந்தால் நாங்கள் கமெராவோடு போய் அதை அங்கே அனுப்புவோம். அங்கே கலியாணம் நடந்தால் உறவுக்காரர் எங்கள் மாடியில் இருக்கும் சிறு மண்டபத்துக்கு வந்து, வரிசையாகக் கதிரையில் இருந்து பெரிய திரையில் பார்ப்பார்கள். பட்டுச் சேலை கட்டி, பூ வைத்து வருவார்கள். பார்த்து முடிந்ததும் ஜீவா அண்ணையின் மனைவி பத்மா அக்கா பலகாரமும் தேத்தண்ணியும் கொடுப்பார்.

இந்தப் போக்குவரத்தையெல்லாம் சுமப்பது பின்னறையில் இருக்கும், யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் ஒரு பழைய சேர்வர் கணினி. கொழும்பில் ஏதோ ஒரு கம்பனிக் கந்தோர் கழித்துவிட்டதை ஜீவா அண்ணை லொறியில் ஏற்றி வந்தார். அதன் விசிறி போடும் இரைச்சலுக்குப் பல்லிகூட அந்த அறையில் தங்காது. ஆனால் ஒரு குணம் உண்டு. மழை, வெக்கை, கரண்ட் போய்ப் போய் வருவது, எதற்கும் அசையாது.

அதை ஒருமுறை திருத்திக் கொடுக்கத்தான் நான் வந்தேன். வந்தவன் இன்னும் போகவில்லை. ஓரிடத்தில் இவ்வளவு காலம் நான் இருந்தது இதுதான் முதல் தடவை. ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. பத்மா அக்காவின் தேத்தண்ணி ஒரு காரணமாக இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் ஓம்

திலகவதி அம்மாவின் மகன் சுதன், சண்டிலிப்பாய்ப் பெடியன். குளிர் நாடொன்றில் இருக்கிறான். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. நாட்டை விட்டு வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. தாய்க்கு விசாக் கேட்டுப் பார்த்தான், கொடுக்கவில்லை. அங்கேயே ஒரு பெண்பிள்ளையைக் கலியாணம் செய்ய நாள் வைத்துவிட்டு ஜீவா அண்ணைக்குப் போன் எடுத்தான். ஜீவா அண்ணை போனை மேசையில் வைத்து எல்லாரும் கேட்கும்படி விட்டார்.

"அண்ணை, அம்மாவுக்குப் போன் கேக்கிறேல்லை."

"ஏன், போன் பழுதோ?"

"போன் நல்லாத்தான் இருக்கு. அம்மாவுக்குத்தான் காது கேக்கிறேல்லை. ஆனால் கேக்குது எண்டுதான் சொல்லுவா. அங்கை மழையோ எண்டு கேட்டால் ஓம். வெய்யிலோ எண்டாலும் ஓம். போன கிழமை, 'அம்மா, நான் ஆர் கதைக்கிறன்' எண்டு கேட்டன். அதுக்கும் ஓம் எண்டா."

ஜீவா அண்ணை சிரித்துவிட்டார். மறுபக்கம் சிரிப்பு வரவில்லை. ஜீவா அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காதுக்கு வைக்கிற சாமான் ஒண்டு வாங்கி அனுப்பலாமே தம்பி."

"அனுப்பினனான். காதுக்குள்ளை வண்டு இரையுது எண்டு சாமியறையிலை வைச்சுப்போட்டா. அதுக்கும் பூ வைக்கிறா."

தாய் ஒருமுறை உறவுக்காரக் கலியாணம் பார்க்க எங்கள் மண்டபத்துக்கு வந்திருக்கிறார். முன்வரிசையில், பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருந்து, ஐயர் சொன்ன மந்திரம்கூடக் கேட்டது என்று பிறகு ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். திரையில் வாய் அசைவதும் பெரிதாகத் தெரியும். அதை நினைத்துத்தான் சுதன் போன் எடுத்திருந்தான்.

"தாலி கட்டுறதுக்கு முன்னம் நான் அம்மாவைக் கேக்கோணும் அண்ணை. 'கட்டட்டோ அம்மா' எண்டு. அவ அதைக் கேட்டுப்போட்டு ஓம் சொல்லோணும். கேக்காமல் சொல்லுற ஓம் எனக்குத் தெரியும். எத்தினை வருசமா அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

போனை வைத்த பிறகு ஜீவா அண்ணை என்னைப் பார்த்தார். "டேய் குமார், இவ்வளவு நாளும் ஒண்டில் இங்கையிருந்து படம் அனுப்பினம், இல்லாட்டில் அங்கையிருந்து எடுத்தம். இரண்டையும் ஒண்டாச் செய்ய உன்ரை சேர்வருக்கு ஏலுமோ?"

"ஏலும்," என்றேன். அது எப்போதும் என் முதல் பதில். அதனாலேயே பல ஊர்களில் வேலை கிடைத்தது. சில ஊர்களை விட்டுக் கெதியாகப் போகவும் வேண்டியிருந்தது.

சந்தன மணம்

ஆயத்தம் செய்யப் போனால், சேர்வரின் வலைத்தொடர்பு விட்டு விட்டு இறந்து எழும்பியது. அதன் முதுகில் இருக்கும் பச்சை வெளிச்சம் மினுங்கும், அணையும், மறுபடி மினுங்கும். கம்பியை மாற்றினேன். மாறவில்லை. கம்பியைக் கழற்றி நுனியைப் பார்த்தால் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. மணந்து பார்த்தேன்.

சந்தனம்.

பத்மா அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார்.

"சரஸ்வதி பூசைக்கு எல்லா மெசினுக்கும் பொட்டு வைச்சனான் தம்பி. சேர்வர் உவருக்கு முன்பக்கம் முழுக்க ஓட்டை. பொட்டு வைக்க இடமில்லை. அதுதான் பின்பக்கமா வைச்சன்."

"நீ பொட்டோ வைச்சனீ?" என்றார் ஜீவா அண்ணை. "குளிப்பாட்டியெல்லோ விட்டிருக்கிறாய்."

"அவர்தானே எங்களுக்குச் சோறு போடுறார். கொஞ்சம் கூடத்தான் வைச்சன்."

அக்காவில் குறை பிடிக்கவும் முடியாது. கமெராவுக்கு, விளக்குக்கு, ஜெனரேற்றருக்கு, தராசுக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து ஒரு நாள் ஓய்வு கொடுக்கிற ஊர் இது. அந்த ஓய்வு நாளில் குழைத்த சந்தனம் மெல்ல வழிந்து, சேர்வரைக் கம்பியோடு இணைக்கும் நெற்வேர்க் கார்டின் துளைக்குள் போயிருக்கிறது.

பல்லுத் தீட்டும் பிரஷ் ஒன்றும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் எடுத்துத் துப்புரவாக்கினேன். துளைக்குள் எட்டு மெல்லிய ஊசிகள் வரிசையாக இருக்கும். ஆறு பொன்னாக மினுங்கின. ஓரத்தில் இரண்டு பச்சை பிடித்து உளுத்துப் போயிருந்தன. பக்கத்தில் இருந்த மற்றத் துளை முந்திய மாரியில் இடி விழுந்து செத்தது. அந்தப் பழைய மாதிரிக் கார்ட் யாழ்ப்பாணத்தில் ஒரு கடையிலும் இல்லை. கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னோம். அது வந்து சேர்வதற்குள் தாலி ஏறிவிடும்.

பத்மா அக்கா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

பூச்சியமும் ஒன்றும்

எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. இடப்பெயர்வில் பள்ளிக்கூடம் ஒரு பக்கம் போனது, நாங்கள் ஒரு பக்கம் போனோம். பிறகு நான் அதைத் தேடிப் போகவில்லை. கொடிகாமம் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்கினேன். புகையிலைத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றிவிட்டேன். அங்கிருந்து வளைகுடாவுக்குப் போய், ஒரு பெரிய கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் கணினிகளுக்குக் கம்பி இழுத்தேன்.

அங்கே மேற்பார்வைக்கு இருந்தவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். குளிரூட்டிய அறைக்குள் எப்போதும் தொப்பி போட்டிருப்பார். என் ஆங்கிலம் அவருக்கு விளங்காது, அவருடையது எனக்கு விளங்காது. அதனால் இருவரும் யுனிக்ஸில் கதைத்தோம். அவர் ஒரு கட்டளை தட்டுவார், நான் பார்த்து வைத்திருந்து அதையே தட்டுவேன்.

நெற்வேர்க் கார்ட் தானாக ஒன்றும் செய்யாது. அதற்கும் யுனிக்ஸுக்கும் நடுவில் டிரைவர் என்ற சிறு நிரல் நின்று, இப்படிப் போ, இந்த வேகத்தில் போ என்று சொல்லும். அந்த டிரைவருக்குள் பத்துப் பன்னிரண்டு திருகுகள், சுவிச்சு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிலைதான். பூச்சியம், அல்லது ஒன்று. ஆகக் கூடிய வேகத்தில் போகலாமா? ஒன்று. அதற்கு அடுத்த வேகமா? ஒன்று. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கதைக்கலாமா? ஒன்று. வேகத்தை எதிர்ப்பக்கத்தோடு கேட்டுப் பேசித் தீர்மானிக்கலாமா? அதற்கும் ஒன்று.

கூடிய வேகத்துக்கு எட்டு ஊசியும் வேண்டும். அடுத்த வேகத்துக்கு நான்கு போதும். அந்த நான்கும் எங்களிடம் நன்றாக இருந்தன. ஆகவே கூடிய வேகத்துக்குப் பூச்சியம் போட்டேன். தொப்பிக்காரர் சொல்லித் தந்த இன்னொரு பழக்கமும் கையோடு வந்தது. தொல்லை பிடித்த கம்பியென்றால் கேட்டுப் பேசுகிற வேலையே வேண்டாம், நீயே தீர்மானித்துவிடு என்பார் அவர். அந்தத் திருகுக்கும் பூச்சியம் போட்டேன்.

பச்சை வெளிச்சம் மினுங்காமல் நின்றது. பத்மா அக்கா அதைப் பார்த்துக் கும்பிட்டார்.

இங்கிருந்து அனுப்பிப் பார்த்தோம். சுதனின் சிநேகிதன் ஒருவன் அங்கிருந்து, "வடிவாத் தெரியுது அண்ணை," என்றான். பிறகு அங்கிருந்து எடுத்துப் பார்த்தோம். தண்ணீர் மாதிரி வந்தது. ஒன்றில் அனுப்புவது, இல்லையென்றால் எடுப்பது. எங்கள் தொழிலில் சோதிப்பதும் அப்படித்தான் பழகிவிட்டது.

கை ஏன் வாய்க்குப் போனது

கலியாணத்துக்கு முந்தின நாள் பின்னேரம் திலகவதி அம்மாவை ஓட்டோவில் கூட்டி வந்தோம். ஒரு ஒத்திகை. மெல்லிய மனுசி. விரல் நுனிகளில் வெங்காயத் தாள் மணம். முன்வரிசையில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருத்தினோம். சுதன் திரையில் வந்தான்.

"அம்மா, கேக்குதோ?"

"கேக்குது ராசா, நீ சாப்பிட்..."

அவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. குரல் தகரத்தில் கல் உருட்டுகிற மாதிரி வந்து நின்றது. அம்மா திகைத்து நிறுத்தினார். படம் மெல்லக் கூடி வந்தது. அவர் மறுபடி கதைக்க, மறுபடி உடைந்தது. நான் பின்னறைக்கு ஓடினேன். பச்சை வெளிச்சம் அசையாமல் இருந்தது. சேர்வரில் ஒரு பிழையும் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது படம் கூடி வந்தது, அப்போதுதான் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். மகன் தெளிவாகக் கதைத்துக்கொண்டிருந்தான். மண்டபம் பார்த்தது, மாலைக்குச் சொன்னது, பெண்ணுக்குக் கூறைச் சேலை எடுத்தது. அம்மா தலையாட்டினார். அவனும் தாயின் குரலுக்காக இடையிடையே நிறுத்திப் பார்த்தான். பிறகு நேரமாகிறது என்று போய்விட்டான். அங்கே கலியாண மண்டபம் சோடிக்க ஆட்கள் காத்திருந்தார்கள்.

நான் அவர் காதருகில் குனிந்து சத்தமாகக் கேட்டேன். "ஏனம்மா ஒண்டும் கதைக்கேல்லை?"

அவர் கையை எடுத்தார். "நான் வாய் திறந்தால் அவன் போறான் தம்பி. நான் பேசாமல் இருந்தால் நிக்கிறான். அதுதான் பொத்தினனான். மறந்து கதைச்சுப்போடுவன் எண்டு."

பிறகு, ஆறுதல் சொல்வது போல என் கையைத் தட்டினார். "பரவாயில்லை. பாத்ததே காணும், எனக்கு அது போதும்."

ஒரு பழைய போன்

எனக்கு வேறொரு போன் ஞாபகம் வந்தது.

நான் வளைகுடாவில் இருந்த காலத்தில் என் அம்மா வன்னியில் இருந்தார். அங்கே ஒரு கடையில் சற்றலைற் போன் இருந்தது. முதலில் கடைக்கு எடுத்து, ஆள் விட்டு அம்மாவைக் கூப்பிடச் சொல்லி, பிறகு மறுபடி எடுக்க வேண்டும். குரல் போய்ச் சேர நேரமெடுக்கும். ஒருவர் கதைத்து முடித்து, இரண்டு மூச்சுப் பொறுத்துத்தான் மற்றவர் கதைக்கலாம். அது எங்கள் இருவருக்கும் பழகவேயில்லை. நானும் அம்மாவும் ஒன்றாகத் தொடங்குவோம். இரண்டும் முட்டி உடையும். இருவரும் நிறுத்துவோம்.

"நீ சொல்லு."

"இல்லை, நீங்கள் சொல்லுங்கோ."

"நீ சொல்லு ராசா."

இப்படிச் சொல்லிச் சொல்லியே போன் கார்டில் இருந்த நேரம் முடிந்துவிட்டது. பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

மழைக்குள் ஓட்டோ திலகவதி அம்மாவை ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்தபடி நின்றேன். ஒருவர் பொறுத்தால்தான் மற்றவர் கதைக்கலாம். அந்தப் போனில் பிழை தூரத்தில் இருந்தது. இங்கே?

மேலே ஓடினேன். சுவரில் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. சேர்வரின் கம்பியும் வெளியே போகும் கம்பியும் அதில்தான் வந்து கூடும். மலிவான பெட்டி. அதற்குத் திருகுகள் இல்லை. எதிரே இருப்பவனைக் கேட்டுத்தான் தன் போக்கைத் தீர்மானிக்கும். நானோ சேர்வரில் அந்தக் கேள்வியையே அடைத்துவிட்டேன். வளைகுடாவில் இரண்டு முனையும் எங்கள் கையில் இருந்தன. இரண்டிலும் ஒரே மாதிரித் தீர்மானித்துவிட்டு நடப்போம். இங்கே ஒரு முனைதான் என் கையில் இருந்தது.

பதில் கிடைக்காத பெட்டி, எதிரே இருப்பவன் மிகப் பழைய ஆள் போலும் என்று எண்ணி, ஒருவர் கதைக்க மற்றவர் பொறுக்கும் முறைக்கு இறங்கியிருந்தது. சேர்வர் இரண்டு பக்கமும் ஒன்றாகப் போகலாம் என்றிருந்தது. ஒரு பக்கம் மட்டும் போகும்வரை சண்டை வராது. அம்மா பேசாமல் அசையாமல் இருந்தால் இங்கிருந்து போவது மிகக் குறைவு. இரண்டும் ஒன்றாகப் போனால் முட்டும்.

கேட்டுப் பேசும் திருகை மறுபடி ஒன்றாக்கினேன். கூடிய வேகத்தின் பூச்சியத்தை அப்படியே விட்டேன். சேர்வர் இப்போது கேட்கும், ஆனால் இருக்கிற நான்கு ஊசிக்கு ஏற்றதை மட்டுமே கேட்கும். பச்சை வெளிச்சம் அணைந்து, இரண்டு பக்கமும் ஏதோ பேசி முடித்தது போலக் கொஞ்சம் பொறுத்து, எரிந்தது.

ஜீவா அண்ணையை ஒரு போனோடு உரக்கடைக்கு அனுப்பினேன். அவர் கீழே, நான் மேலே. ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் ஏசினோம். அவர் என் மூதாதையர் வரைக்கும் போனார். ஒரு சொல்லும் உடையாமல் வந்தது.

மேலே வந்து மூச்சு வாங்கியபடி கேட்டார். "எல்லாம் கேட்டதோடா?"

"வடிவாக் கேட்டது அண்ணை."

"உரக்கடைக்காரனுக்கும் கேட்டிட்டுது," என்றார்.

ஆனால் தாயும் மகனும் கதைத்துப் பார்க்க வழியில்லை. சுதனின் போன் அணைந்திருந்தது. இனி முகூர்த்தத்தில்தான்.

முகூர்த்தம்

அங்கே காலை. இங்கே மத்தியானம் கழிந்த நேரம். மண்டபம் நிறைந்திருந்தது. திலகவதி அம்மா பச்சைக் கரை போட்ட சேலையில் வந்து, மூலைக் கதிரை ஒன்றில், கமெராவுக்குப் படாமல் இருந்துகொண்டார்.

"நான் முன்னுக்கு இருக்கிறது சரியில்லைப் பிள்ளை," என்றார். புருசன் இறந்த பிறகு எந்த நல்ல காரியத்திலும் அவர் முன்னுக்கு நின்றதில்லை.

பத்மா அக்கா அவர் முன் குந்தியிருந்து, காதுக்குள் அல்ல, முகத்துக்கு நேரே சொன்னார். "அம்மா, அவன் கேக்கப் போறது உங்களைத்தான். நீங்கள் இல்லாட்டில் ஆரைக் கேக்கிறது?"

கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்தினார். இருந்த உடனேயே அந்த வலது கை வாய்க்குப் போனது.

நான் குனிந்தேன். "அம்மா, இப்ப நீங்கள் கதைக்கலாம். அவன் போக மாட்டான்."

அவர் என்னைப் பார்த்தார். நம்பவில்லை. நேற்றும் நான் அப்படித்தான் ஏதோ சொல்லியிருப்பேன்.

திரையில் மணவறை. புகைக்குள் ஐயர். சுதன் தலைப்பாவோடு பக்கத்தில் பெண்ணை வைத்துக்கொண்டு இருந்தான். மேளம் மெதுவாக நின்றது. அவன் தாலியைக் கையில் எடுத்தான், நிமிர்ந்து கமெராவை, அதாவது எங்களைப் பார்த்தான்.

"அம்மா, கட்டட்டோ?"

திலகவதி அம்மா அசையவில்லை. கை வாயில். கண்ணிமைக்காமல் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஐயர் ஏதோ அவசரப்படுத்துவது தெரிந்தது. சுதனின் முகம் மெல்ல வாடியது. என் பின்னால் ஜீவா அண்ணை மூச்சு விடுவது கேட்டது. தலையை ஆட்டினால்கூடப் போதும் என்று நினைத்தேன். அவர் அதையும் செய்யவில்லை.

சுதன் மறுபடி கேட்டான். "அம்மா? கட்ட..."

"பொறு," என்றார் அம்மா.

கை மடிக்கு வந்துவிட்டது. தான் கதைத்துவிட்டது அவருக்கே பிறகுதான் தெரிந்தது போலும். பயந்து திரையைப் பார்த்தார். மகன் அங்கேயே இருந்தான். உடையவில்லை.

"என்னம்மா? என்ன பொறு?" அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மாவும் கதைத்துக்கொண்டிருந்தார். இரண்டு குரலும் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒன்றையொன்று முட்டாமல் மண்டபம் முழுக்க நிறைந்தன.

"தலைப்பா இடப்பக்கம் சரிஞ்சு கிடக்கடா. நாலு பேர் படம் எடுக்கினம். ஆரும் பாத்துச் சொல்ல இல்லையே அங்கை? அதை நேராக்கு முதல்."

அங்கே சிரித்தார்கள். இங்கே சிரித்தார்கள். மாப்பிள்ளைத் தோழன் எட்டித் தலைப்பாவை நிமிர்த்தினான். சுதன் சிரிக்கவில்லை. தாலியைப் பிடித்த கையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்தான். துடைத்ததில் தலைப்பா மறுபடி கொஞ்சம் சரிந்தது.

அம்மா அதை விட்டுவிட்டார்.

"ஓம்," என்றார். "இப்பக் கட்டு."